மழைக்கு முன்னால் ஒரு டார்ச்

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

ஐப்பசி வருவதற்குள் வீட்டுக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கியாக வேண்டும். போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் கரண்ட் நாள் கணக்கில் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே கேபிள் எல்லாம் மண்ணுக்கு அடியில் ஓடுகிறது, வீடுகளுக்குக் கரண்ட் பிரிக்கிற பில்லர் பாக்ஸ் தெருவோரம் தரையை ஒட்டி நிற்கிறது. அதைத் தண்ணீர் சூழ்ந்த பிறகு சப்ளை கொடுத்தால் உயிர் போகும். தண்ணீர் வடியும்வரை இருட்டுதான் என்று தெரிந்தே தயாராக வேண்டும்.

வீட்டில் இருந்தது பிளக்கில் செருகும் சார்ஜ் டார்ச். முதல் ராத்திரியிலேயே படுத்துவிட்டது. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. போனை டார்ச்சாக வைத்துக்கொண்டால், நாலு பேருக்குத் தகவல் சொல்ல வேண்டிய நேரத்தில் அதுவும் செத்துவிடும். முழங்கால் தண்ணீரில் போய்ப் பார்த்தால் தெருமுனை மளிகைக்கடையில் பென்சில் பேட்டரி மட்டும் சரம் சரமாகத் தொங்கியது. அதனால் இந்தத் தடவை முதல் நிபந்தனை, அந்தக் கடையில் கிடைக்கும் பேட்டரியில் எரிகிற டார்ச்சாக இருக்க வேண்டும்.

2024 செப்டம்பர் 25, புதன்

காசிமேட்டு மாமா, "மூணு கட்டை டார்ச் வாங்கு, அதான் நிக்கும்" என்கிறார். தடித்த கட்டை பேட்டரி மூன்று போடுகிற நீள டார்ச். அவர் கடலுக்குப் போகிறவர், அவருக்குத் தூரம் அடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது சட்டைப் பையில் கிடக்கிற சின்னது.

சின்னது என்றால் கடைகளில் அதிகம் இருப்பது மூன்று ரிமோட் பேட்டரி போடுகிற ரகம். எனக்கு அது ஆகாது. ரிமோட் பேட்டரியில், அதாவது ஏஏஏ-வில், பென்சில் பேட்டரியின் பாதி சக்திகூட இருக்காது. மூன்றில் ஒன்று முன்னாடியே தீர்ந்தால் மற்ற இரண்டும் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளி அதைக் கெடுத்துவிடும், அது ஒழுகும். மூன்றையும் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கூடு வேறு சீக்கிரம் உடையும். அந்த ரகம் ஏன் இவ்வளவு மலிவு என்பதற்கும் காரணம் இருக்கிறது. வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் போல வேண்டும். மூன்றைக் கோர்த்தால் நாலரை வோல்ட், நேராகவே கொடுத்துவிடலாம். ஒரே பேட்டரி என்றால் ஒன்றரையை மூன்றாக ஏற்றிக் கொடுக்க உள்ளே ஒரு சர்க்யூட் வேண்டும். அந்தச் சர்க்யூட் நன்றாக அமைந்தால் பேட்டரி இளைக்க இளைக்க வெளிச்சம் மங்காமல் ரொம்ப நேரம் நிலையாக நிற்கும்.

ஆக, ஒற்றைப் பென்சில் பேட்டரி, ஏஏ. முடிவு செய்துவிட்டேன்.

2024 செப்டம்பர் 29, ஞாயிறு

பர்மா பஜார். விரல் நீளத்தில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்து, "ரெண்டாயிரம் லூமன்ஸ் மா, ஒரே பேட்டரி, எட்டு மணி நேரம்" என்றார் கடைக்கார அண்ணன். அட்டையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. லூமன் என்பது டார்ச் தருகிற வெளிச்சத்தின் அளவு.

இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நல்ல ஆல்கலைன் பென்சில் பேட்டரியில் ஒன்றரை வோல்ட், சுமார் 2 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 3 வாட்-மணி. எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது என்று வைத்தால் மொத்தக் கையிருப்பு 300 லூமன்-மணி. சூடாகப் போவதைக் கழித்தால் 200 சொச்சம். அதை 100 லூமனாகச் செலவழித்தால் இரண்டு மணி நேரம், 10 லூமனாகச் செலவழித்தால் இருபது மணி நேரம். இரண்டாயிரத்தை எட்டு மணி நேரம் கொடுக்க 16,000 வேண்டும். ஒரு பேட்டரிக்குள் அது எங்கிருந்து வரும்?

ஒழுங்கான கம்பெனி அட்டையில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று போட்டிருக்கும். அது அளக்கும் முறை. அதிலும் கவனம் வேண்டும். அந்த முறையில் வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரைக்கும் உள்ள நேரம்தான் ரன்டைம். ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஐந்து மணியும் ஒரே பிரகாசம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தூரக் கணக்கும் அப்படித்தான். ஒளி 0.25 லக்ஸாகத் தேய்கிற இடம் வரை அளப்பார்கள், அது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். 100 மீட்டர் என்று போட்டிருந்தால் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது பாதித் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையிலேயே இன்னொன்றும் பார்த்தேன். டார்ச்சை மெல்லிய வெளிச்சத்தில் எரியவிட்டுப் போன் கேமரா வழியாகப் பார்த்தால் சிலவற்றில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. வெளிச்சம் நிலையாக இல்லை, வேகமாக விட்டுவிட்டு எரிகிறது என்று அர்த்தம். எனக்குத் தலைவலி வரும், அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

2024 அக்டோபர் 4, வெள்ளி

வாங்கியாச்சு. அலுமினிய உடம்பு, பின்பக்கம் அழுத்துகிற ஸ்விட்ச், தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்கிற ஐபிஎக்ஸ்8 தரம். மூன்று நிலை இருக்கிறது, கீழ்நிலை ஒரு லூமனுக்கும் கம்மி.

அந்தக் கீழ்நிலைக்காகத்தான் இதை எடுத்தேன். ஆயா ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது பளீரென்று அடித்தால் அவர் கண் கூசி, அணைத்த பிறகு ஒன்றுமே தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருட்டுக்குக் கண் மறுபடி பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். நேற்று ராத்திரி கீழ்நிலையில் கையில் கொடுத்தேன். தரையில் வட்டமாக ஒரு மங்கல், வாசற்படி விளிம்பு, செருப்பு, ஈரம் எல்லாம் தெரிந்தது. "இது போதும் கண்ணு, அந்தப் பெரிய வெளிச்சம் வேணாம்" என்றார். எனக்கு அவ்வளவு நிம்மதி.

டார்ச்சின் வால் பக்கம் தட்டையாக இருப்பதால் தரையில் நிமிர்த்தி நிற்கிறது. எங்கள் வீட்டு வெள்ளைக் கான்கிரீட் கூரையில் ஒளி பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவுகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அந்த அளவு வரவில்லை. சாம்பல் நிறம் பாதியைக் குடித்துவிடுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பதால் அந்தப் பக்கம் திருப்பி வைத்தோம், சரியாக வந்தது.

பக்கெட் தண்ணீரில் முக்கி எடுத்தேன், உள்ளே ஈரம் இல்லை.

2024 அக்டோபர் 9, புதன்

எந்தப் பேட்டரி போடுவது என்பதில்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். திருவொற்றியூர் ஹை ரோட்டில் எவரெடி பேட்டரி தொழிற்சாலையே ஓடிய ஏரியா இது. கட்டை பேட்டரி எங்களுக்குப் புதுசு இல்லை. ஆனால் சாதா கார்பன்-ஜிங்க் கடிகாரத்துக்கானது, சொட்டுச் சொட்டாகக் கரண்ட் எடுப்பதற்கானது. டார்ச் மொத்தமாக இழுக்கும்போது அது சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆபத்துக்கு அதுவும் எரியும், கீழ்நிலையில் நன்றாகவே எரியும்.

ஆல்கலைன் அதைவிடப் பல மடங்கு நிற்கும். ஆனால் உள்ளே போட்டு மறந்தால் ஒழுகும். அக்கா வீட்டுப் பழைய டார்ச்சை இன்றைக்குத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி, பேட்டரி குழாயோடு ஒட்டிக்கொண்டு தட்டினாலும் வரவில்லை. அந்தப் பொடி காரத் தன்மை உள்ளது, வெறும் கையில் தொடக் கூடாது. பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டு ஒற்றினேன், நுரைத்துக்கொண்டு கரைந்தது. பிறகு ஈரத்துணி, பிறகு வெயில். ஸ்பிரிங் அரித்துப் பச்சை ஏறியிருந்தது, திரும்ப எரியவில்லை.

என் டார்ச்சில் சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி, 1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி. எனலூப் மாதிரி சும்மா வைத்திருந்தால் சார்ஜ் மெல்லவே இறங்குகிற வகை என்றால் முழுசாக ஏற்றி அலமாரியில் வைத்தாலும் மாதக்கணக்கில் சார்ஜ் நிற்கும், ஒழுகுவதும் அரிது. ஆல்கலைன் நாலு, அட்டையைப் பிரிக்காமல் பக்கத்தில். வெள்ளம் வந்தால் தெருமுனைக் கடை.

14500 என்று இதே உருவத்தில் லித்தியம் பேட்டரி ஒன்று வருகிறது. முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். டார்ச்சின் தாளில் அனுமதி இருந்தால் ஒழிய போடவே கூடாது. சுவர்க் கடிகாரத்தில் போட்டால் கடிகாரம் காலி. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்த ரகம் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

2024 அக்டோபர் 15, செவ்வாய்

விடிந்ததிலிருந்து விடாத மழை. சாயங்காலம் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், ஏழு மணிக்குக் கரண்ட் நின்றது. டார்ச்சை நடுநிலையில் நிமிர்த்தி வைத்தேன். அம்மா சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றினார், நான் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். வெளியே போகும்போது மட்டும் மேல்நிலை. தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத சாக்கடை எங்கே என்று சுழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு அந்த வெளிச்சம் வேண்டும். கனமழையில் நேராக நெஞ்சு உயரத்தில் பிடித்தால் துளிகளே பளபளத்துக் கண்ணை மறைக்கின்றன. இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் தரை தெரிகிறது.

2024 அக்டோபர் 17, வியாழன்

கரண்ட் வந்துவிட்டது. பேட்டரியை மாற்ற வேண்டிவரவில்லை. எடுத்துச் சார்ஜரில் போட்டிருக்கிறேன். அக்காவுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம். சார்ஜர் எல்லாம் அவருக்குத் தோதுப்படாது, அதனால் ஆல்கலைன் போட்டுத் தருகிறேன். மழை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா மட்டும் இன்னும் மூணு கட்டைதான் என்கிறார். அவர் படகுக்கு அது சரிதான்.