மேல் எது, கீழ் எது?

சென்ற ஆண்டு நம் பள்ளிப் பழைய மாணவர்களின் லண்டன் ஒன்றுகூடலில், நான் நெய்த லுங்கிக் கட்டத் துணியை மேடைக்குப் பின்னால் மாட்டச் சொன்னார்கள். ஏணியில் நின்றபடி நம் செட் தோழி கத்தினாள்: "ஏய், இதுல எது மேல், எது கீழ்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் லுங்கிக்கு ஏது மேல் கீழ்?

குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு பஸ்ஸில் வந்து படித்தவள் நான். காலையில் அப்பாவுக்குப் பத்துத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சி) சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடணும். பாதி நாள் முதல் பீரியடுக்குத் தாமதம், விரலிடுக்கில் சாயம். எங்கள் வீட்டில் குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு நெய்வது. ஐப்பசி, கார்த்திகையில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் வேலை நின்றுவிடும். அந்த வாரங்களில் மட்டும் நேரத்துக்கு வந்துவிடுவேன். என் வருகைப் பதிவைப் பார்த்தே அந்த வருஷத்து மழையைச் சொல்லிவிடலாம்.

எட்டாம் வகுப்பு டிராயிங் பரீட்சையில் 'இயற்கைக் காட்சி'. எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை. (கடலூரில் யார் மலையைப் பார்த்தது?) எனக்கு மலை வரவில்லை. தறியில் ஓடிக்கொண்டிருந்த லுங்கியை வரைந்துவிட்டேன்: சிவப்புக் கட்டம், உள்ளே கறுப்பு, ஓரத்தில் ஒற்றை மஞ்சள் இழை. சார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டு விழும் என்றிருந்தேன்.

"கறுப்பு எத்தனை இழைம்மா?"

"பன்னெண்டு சார்."

"நீ பத்துதான் போட்டிருக்க."

25க்கு 11. அந்த இரண்டு இழைக்காகத்தான் மார்க் போனது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு பி.காம்., கல்யாணம், லண்டன், கணக்கு எழுதும் வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

2018இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸின் கண்காட்சி. ஆபீஸ் தோழி இழுத்துப் போனாள். உள்ளே நுழைந்ததுமே ஒரு தறி. குழி கிடையாது, பெஞ்சில் உட்கார்ந்து நெய்வது. ஆனாலும் என் கை தானாக நாடாவை ஓட்டும் கயிற்றைத் தேடியது. 1922இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தவர் ஆனி. பெண்பிள்ளைகளை அங்கே பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்குத்தான் தள்ளினார்கள். அரைமனதாக நெய்யத் தொடங்கி, 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் நெசவுக் கலைஞர் ஆனார். 1930இல் ஓர் அரங்கத்துக்காக செலோஃபேன் என்ற கண்ணாடித்தாளைச் சேர்த்து ஒரு துணி நெய்திருக்கிறார்: ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், மறுபக்கம் சத்தத்தை உறிஞ்சும். அவர் துணிகளில் பூ இல்லை, மயில் இல்லை, பட்டையும் கட்டமும்தான். "இது எங்க வீட்டுத் தறியாச்சே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அன்றிரவே அப்பாவுக்கு ஃபோன். பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) முடியும்போது, நூலைப் பிரித்துப் பிடிக்கும் அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் ஒரு முழம் போல நெய்ய முடியாமல் நின்றுவிடும். நிறம் மாற்றும்போது அதை அறுத்து எறிவார்கள். எறியாதீங்க என்றேன். ஒரு சாக்கு நிறைய வந்தது.

அந்தத் துண்டு நூல்களை முடிச்சுப் போட்டு நீட்டி, ஊடையாக, அதாவது குறுக்கு நூலாகக் கொடுத்து நெய்கிறேன். கட்டத்துக்கு இழை எண்ணித்தான் தொடங்குவேன். முடிச்சு வந்த இடத்தில் சிவப்பு பச்சையாகிவிடும், கட்டம் பாதியில் கலைந்துவிடும். எங்கே கலையும் என்று எனக்கே தெரியாது. முதல் இரண்டு வருஷம் வந்ததெல்லாம் கால் துடைக்கும் மிதியடிதான், பொய் சொல்வானேன்.

மேடையில் மாட்டிய துணியை வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடது கரை உள்ள இழுத்திருக்கு பாரு."

அவருக்கு இடது, எனக்கு வலது. இழுத்துத்தான் இருந்தது.