எந்தத் தொண்ணூற்றொன்பது?

2025 ஜூன் 4, மூணாறு

போடியில் பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து வந்த தகரப் பெட்டியை இன்றுதான் திறந்தேன். பாக்குவெட்டி, உடைந்த மூக்குக்கண்ணாடி, அடியில் ஒரு கணக்கு நோட்டு. அப்பத்தாவின் தாய்மாமன் எழுதியது. டாப் ஸ்டேஷனில் ஒரு கங்காணியிடம் கணக்கெழுதியவர் அவர். பக்கம் பக்கமாகப் பேர், நாள், கூலி. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும், கணக்கோடு ஒட்டாமல், வேறு மையில் இப்படி: "99 ஆடி வெள்ளத்தில் மச்சான் போயாச்சு. கைப்பிள்ளை ஒன்று."

அந்தக் கைப்பிள்ளைதான் அப்பத்தா. எங்கள் குடும்பப் பெருமை முழுவதும் இந்த ஒற்றை வரியில்தான் நிற்கிறது. 1899-இல் கைப்பிள்ளை என்றால் பிறந்தது 1898. இறந்தது 2001. நூற்று மூன்று வயது வாழ்ந்த மகராசி! பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தின் கீழ் இரண்டு ஆண்டுகளும் பொன்னிற எழுத்தில் இருக்கின்றன. அந்த வெள்ளத்தைப் பற்றி எங்காவது நாலு வரி கிடைக்காதா என்று தேடப் போகிறேன்.

ஜூன் 8

எங்கள் ஊர் நூலகத்தில் பாதி நாள். வெளியே மழை, உள்ளே ஈர நாய் ஒன்றும் நானும். தமிழ் வழியில் படித்தவன் என்பதால் மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். மலைத்தோட்டங்களைப் பற்றிய பழைய புத்தகங்கள் மூன்றை நூலகர் எடுத்துத் தந்தார்.

1899 வெள்ளம் எதிலும் இல்லை. குண்டளை ரயில் எல்லாவற்றிலும் இருக்கிறது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு பூட்டி இழுத்திருக்கிறார்கள். 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றி இன்ஜின் ஓட்டியிருக்கிறார்கள். மூணாற்றிலிருந்து தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து கம்பிக்கயிற்று வழியில் தொங்கிக்கொண்டே கொட்டக்குடிக்கு இறங்கும்.

இங்கேதான் இடித்தது. அப்பத்தாவின் அப்பா அந்த ரயிலில் வந்த பெட்டிகளை இறக்கிக் கயிற்றில் ஏற்றியவர் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. 1899-இல் இறந்தவர் 1902-இல் வந்த வண்டியில் எப்படிச் சுமை இறக்கினார்? அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "அதற்கு முன்னால் தலைச்சுமையாக இருந்திருக்கும்" என்றார். அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

ஜூன் 13, திருவனந்தபுரம்

இரவு பஸ்ஸில் வந்து, பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். 1829-இல் தொடங்கியதாம். நாகம் அய்யாவின் 1906-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் மேனுவல் மூன்று தொகுதிகளும் கைக்கு வந்தன. மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளையும் கேட்டு வாங்கினேன். அவற்றில் பேர்கள் இருக்கும் என்று நம்பிப் போனது என் அறியாமை. அச்சான அறிக்கையில் தலைகள்தான் உண்டு, பேர்கள் கிடையாது. தோட்டம் போட்ட துரைமார்களின் பேர்கள் புத்தகங்களில் முதலெழுத்தோடு கிடைக்கின்றன. சுமை தூக்கியவர்கள் மொத்தமாகக் "கூலிகள்". அந்தக் கணக்கு நோட்டில்தான் ஒவ்வொருவருக்கும் பேர் இருக்கிறது.

ஜூன் 14

நோட்டின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். குறிப்புதவிப் பிரிவில் இருந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் ஓரத்து வரியைப் பார்க்கவே இல்லை. கூலிப் பத்தியைப் பெரிதாக்கினார். "இது சக்கரக் கணக்கு. ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். திருவிதாங்கூர்க் காசில் கணக்கு எழுதியவர், ஆண்டை மட்டும் இங்கிலீஷில் எழுதுவாரா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

மலையாளிகளின் கொல்லம் ஆண்டு 1099-தான் அந்த 99. ஆடி என்பது அவர்களுக்குக் கர்க்கடகம், ஆண்டின் கடைசி மாதம். 825-ஐக் கூட்டினால் 1924. அந்த ஜூலையில்தான் குண்டளை ரயில் தண்டவாளத்தோடு அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை.

தலையில் குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்ற பேச்சைக் கேட்காமல் இந்த மலையில் வளர்ந்தவர் யார்? 2018-இல் மூணாறு துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது, "தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு இதுதான்" என்று டீக்கடையில் நானே சொல்லியிருக்கிறேன். வீட்டு நோட்டில் இருந்த 99 அதே 99 என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அந்த அம்மா விடவில்லை. "பாட்டிக்குப் பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள்?" 1946, 1950, 1955 என்றேன். "1898-இல் பிறந்தவருக்கு ஐம்பத்தேழு வயதில் கடைசிப் பிள்ளையா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் இத்தனை வருடமாக யாரும் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டதில்லை. அத்தை மட்டும் போட்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 19

ஊர் நூலகத்தில் வாசிப்பு நாள் கொண்டாட்டம். பள்ளிப் பிள்ளைகள், பாயசம், மைக். ஒரு வரி படிக்க முடியவில்லை.

ஜூன் 22, போடி

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று போடிமெட்டு இறக்கம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். சொன்னேன். சக்கரம், கர்க்கடகம், 825 எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் அம்மா போனபோது வயது என்ன?"

"எழுபத்தேழு, பெரியப்பா. அதிகம் போனால் எழுபத்தெட்டு."

விரல் விடவில்லை, கணக்கும் போடவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் இப்போது அம்மாவைவிடப் பெரியவன்" என்றார். அவருக்கு எழுபத்தொன்பது நடக்கிறது. 'நம் வம்சம் நூறைத் தொடும்' என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்பவர்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "கடைசி வரை முறுக்கைக் கடித்துத் தின்றாள். நூற்று மூன்றில் யாருக்குப் பல் இருக்கும் என்று நான் அன்றைக்கே கேட்டேன். யார் காதில் விழுந்தது?"

படத்தில் ஆண்டை மாற்ற வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, அந்த ஓரத்து வரியை விட்டுவிட்டு, கூலி வாங்கியவர்களின் பேர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.