டிடிஎல் 86400

மார்ச் 18
கம்பெனி மெயில் இருக்கற பழைய ஹோஸ்டிங் 31ஆம் தேதியோட முடியுது. புது சர்வர்ல மெயில் அனுப்ப, வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், வந்தத பெட்டில வச்சு படிக்க டவ்காட், ரெண்டும் ஏத்தியாச்சு. முதலாளி வந்து நின்னாரு. "ஏந் தம்பி, பையர் மெயிலு ஏதும் தொலஞ்சிராதல்ல?" அதெல்லாம் போகாதுங்கன்னேன்.

மார்ச் 19
எம்எக்ஸ், அதான் நம்ம டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற வரி, அத மாத்துனேன். மாத்துனதுக்கு அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு, டிடிஎல் 86400. ஒரு வரிய மத்தவங்க எத்தன செகண்ட் கேஷ்ல, அதாவது ஞாபகத்துல, வச்சுக்கலாம்ங்கற கணக்கு அது. பழச கேஷ்ல வச்சிருக்கறவன் இன்னும் ஒரு நாளைக்கு பழைய சர்வருக்குத்தான் போவான். முந்தாநாளே 300க்கு இறக்கியிருக்கணும், தெரியும், ஆனா ராத்திரி ஊர்ல இருந்து போன் வந்ததுல மறந்துட்டேன்.

மார்ச் 20
பொண்டாட்டிக்கு பிரசவ வலி இன்னும் எடுக்கலயாம். மெயிலும் ஒண்ணுகூட இல்ல. வெள்ளைக்காரனுக்கு லீவு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

மார்ச் 21
புள்ளி. ஒரே ஒரு புள்ளி. டொமைனோட வரியெல்லாம் இருக்கற ஸோன் ஃபைல்ல எம்எக்ஸ் பேருக்கு கடைசில புள்ளி வைக்கல, அந்த ஃபைல படிக்கற பைண்ட் சாஃப்ட்வேர் அதுபாட்டுக்கு பின்னாடி இன்னொரு தடவ டொமைன ஒட்டிக்கிச்சு, அப்படி ஒரு மெஷினே உலகத்துல கெடையாது. திருத்திட்டேன், ஃபைலோட சீரியல் நம்பரையும் ஏத்திட்டேன். ஆனா தப்பான வரியும் அதே 86400தானே, நாளைக்கு வரைக்கும் எவனெவன் கேஷ்லயோ உக்காந்திருக்கும். இதவிட கொடும, ரெண்டு நாளா யாரு அனுப்புனான்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. மெயில் போகலன்னு திரும்புற பவுன்ஸ், அத அனுப்புனவனுக்குத்தான் போகும். நம்ம சர்வர தொடவே இல்லயே, லாக்ல என்னத்த தேடுறது? தேடுனேன். மூணு மணி வரைக்கும் தேடுனேன்.

மார்ச் 23
எஸ்பிஎஃப், நம்ம பேர்ல எந்த சர்வர் மெயில் அனுப்பலாம்னு சொல்ற வரி, பழசு இருக்கறத பாக்காம புதுசா ஒண்ணு போட்டு பெர்ம்எரர், செல்லாதுன்னு அர்த்தம். ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான். டீகிம், மெயிலுக்குப் போடற கையெழுத்து, அதோட 2048 பிட் சாவி ஒரே மேற்கோள் குறிக்குள்ள அடங்காது, 255 எழுத்துதான் பிடிக்கும், துண்டு துண்டா மேற்கோள் குறி போட்டு ஒடச்சேன். ஜிமெயில் 'ஷோ ஒரிஜினல்'ல எஸ்பிஎஃப், டீகிம், அது ரெண்டயும் வச்சு சரிபாக்கற டிமார்க், மூணும் பாஸ். போய் விழுந்தது ஸ்பேம்ல!

பிடிஆர் இல்ல, ஐபிய வச்சு சர்வர் பேர சொல்ற வரி. அது நம்ம ஸோன்ல எழுதறதும் இல்ல, ஐபி யாரோடதோ அவன்தான் வைக்கணும். சர்வர்காரனுக்கு டிக்கெட் போட்டேன்.

மார்ச் 24
பதில் இல்ல. ரெண்டு எடத்துல இருந்தும்.

மார்ச் 26
பிடிஆர் வச்சுட்டான். இன்பாக்ஸ்ல விழுது. முதலாளிகிட்ட காட்டுனேன், தலையாட்டிட்டு, "அந்த ஜெர்மனிக்காரன் 20ஆந்தேதியே சாம்பிள் பத்தி அனுப்பறேன்னான்"னாரு.

20ஆந்தேதி.

நீங்களே ஒரு போன் போட்டு கேளுங்கன்னு சொல்லணும். வாய் வரல.

மார்ச் 27
அத்தை போன். கெளம்பி வான்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல. 11:40 பஸ். டிமார்க் 'நன்'லயே, தேறாத மெயில ஒண்ணும் செய்யாதன்னே, கெடக்கட்டும். டிடிஎல்ல 300 ஆக்கிட்டேன், புள்ளிய நாலு தடவ பாத்துட்டேன், லாப்டாப்