கண்டதைக் கீறு

விலங்கியல் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் அறிவித்தபோது, நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. "சங்கம் வெளியிடும் மலருக்கு உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று செயலாளர் கேட்டார். தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயோடு முப்பத்தைந்து வருடம் கழித்தவன் நான். எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்கினாலும் 1974ஆம் ஆண்டு, மேல்மாடி ஆய்வுகூடம், நாலாம் பாடம் என்றுதான் வந்து நிற்கிறது.

அந்த ஆய்வுகூடத்தையோ செய்முறை நாளில் மாஸ்டர் எப்படி இருப்பார் என்பதையோ உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று குருதிப் பூச்சு. யாராவது ஒருவர் விரல் நீட்ட வேண்டும். முன் வாங்கில் இருந்த நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டோம். பின் வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். மெலிந்த உடம்பு, எங்களைவிட ஒரு சாண் குள்ளம், கண்ணின் வெள்ளையில் எப்போதும் ஒரு மஞ்சள். ஓட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது அவனைக் கடைசியாகத்தான் எடுப்போம். பெயர் வேண்டாம் என்று அவன் கேட்டிருக்கிறான், ஆகவே எழுதவில்லை.

மாஸ்டர் அவன் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். கண்ணாடி வழுக்கியின் ஓரத்தில் ஒரு துளி. இன்னொரு வழுக்கியைச் சாய்த்துப் பிடித்து அந்தத் துளியைத் தொட்டார். குருதி விளிம்பு முழுக்க ஓடிப் பரவும்வரை பொறுத்திருந்தார். பிறகு நடுங்காமல் ஒரே தள்ளு. நுனி மெலிந்து இறகுபோல முடிந்தது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் பூச்சுப் போடுவதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு கையைக் கண்டதில்லை. காய்ந்ததும் லீஷ்மன் சாயம், அப்புறம் தண்ணீர். சரி, வரிசையாக வந்து பாருங்கள், கீறுங்கள் என்றார்.

நான் நுணுக்குக்காட்டியில் அரை நிமிடம் பார்த்திருப்பேன். செங்குழியம் எப்படி இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். கொப்பியில் வட்டங்களைக் கீறினேன். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே மாதிரி வெளிறல். மாஸ்டர் வந்தார். கொப்பியைப் பார்த்தார், குனிந்து நுணுக்குக்காட்டியைப் பார்த்தார், மறுபடியும் கொப்பியைப் பார்த்தார். பிறகு அதை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"இது புத்தகம் கண்டது. நீ கண்டது எங்கை?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "பூச்சு பழுது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசையில் வைத்தார். "பாடம் முடியுமட்டும் இதிலையே இருந்து பார். கண்டதைக் கீறு" என்றார். வகுப்பிலே முதலாம் பிள்ளை நான். முப்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. குழியங்கள் ஒரே மாதிரி இல்லை. பல சிறியவை, வெளிறியவை. சில பேரிக்காய் போல ஒரு பக்கம் இழுபட்டிருந்தன. சிலவற்றின் நடுவில், வெளிறல் இருக்கவேண்டிய இடத்தில், இலக்குப் பலகையின் மையம்போல ஒரு சிவப்புப் பொட்டு. அவற்றைக் கீறினேன். என்னவென்று எனக்குத் தெரியவில்லை, மாஸ்டரும் சொல்லவில்லை. அந்தப் பையனை மட்டும் கூப்பிட்டு, கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்தார்.

மணி அடித்ததும் மாடிப்படியில் அவன் என் பின்னால் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "என்ர இரத்தத்தாலைதான் மச்சான் உனக்கு ஏச்சு விழுந்தது, குறை நினையாதை" என்றான். நான் பதில் சொல்லாமல் இறங்கிப் போனேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பரீட்சை, பல்கலைக்கழகம், பிறகு விமானம். இங்கே குருதியியல் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு நோயாளியின் பூச்சைப் பார்த்தபோது அந்தச் சிவப்புப் பொட்டுகள் மறுபடியும் தெரிந்தன. இலக்குக் குழியங்கள் என்றார்கள். தலசீமியாவில் சாதாரணமாகக் காண்பவை. அன்றே துறையைத் தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் முன்னால் நடந்தவர் டேவிட் வெதரோல். இளம் இராணுவ வைத்தியராகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டபோது, அடிக்கடி இரத்தம் ஏற்றியே காப்பாற்றப்பட்ட ஒரு கூர்க்கா வீரரின் குழந்தையைக் கண்டார். அவளுக்குத் தலசீமியா என்று கண்டுபிடித்து எழுதினார். அனுமதி கேளாமல் எழுதியதற்கு இராணுவத்தில் கண்டனம்தான் கிடைத்தது. செங்குழியத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதமான ஈமோகுளோபினில் இரண்டு அல்பா, இரண்டு பீற்றாச் சங்கிலிகள் சேர வேண்டும். தலசீமியாவில் நடப்பதுபோலப் பீற்றா குறைந்தால் துணையில்லாத அல்பாச் சங்கிலிகள் குழியத்துக்குள்ளேயே படிந்து, என்பு மச்சையை விட்டு வெளியே வருமுன்னரே அதை அழிக்கின்றன. இந்தச் சமநிலைக் குலைவை 1965இல் அவரும் ஜோன் கிளெக்கும் அளந்து காட்டினார்கள். 2018இல் அவர் மறைந்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை.

நான் செலவழித்த வருடங்கள் எல்லாம் ஒரே கேள்விக்குத்தான். பரம்பரை அலகில் (ஜீனில்) ஒரே பிழை இருக்கும் இரண்டு பிள்ளைகளில், ஒன்றுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது, மற்றது வளர்ந்து கல்யாணம் கட்டி வாழ்கிறது. ஏன்? விடையின் ஒரு பெரிய பகுதி, கருவில் இருக்கும்போது எல்லோரும் பயன்படுத்தும் கரு ஈமோகுளோபினில் இருக்கிறது. அதில் பீற்றாவுக்குப் பதில் காமா. பிறந்த பிறகு சில மாதங்களில் உடம்பு அதை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் கடும் தலசீமியாப் பிள்ளைகள் பிறக்கும்போது நன்றாக இருந்து, அதற்குப் பிறகு வெளிறத் தொடங்குகிறார்கள். கரு ஈமோகுளோபினை விடாமல் கொஞ்சம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு நோய் இலேசாகிறது. நிறுத்தும் வேலையில் பிசிஎல்11ஏ என்ற பரம்பரை அலகுக்கு முக்கிய பங்கு உண்டு என்பது 2008இல் தெளிவாகியது. நோயாளியின் குருதியை உருவாக்கும் சொந்த மூலக்கலங்களில், பரம்பரை அலகை வெட்டித் திருத்தி அந்தத் தடையைத் தளர்த்தும் கிறிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா உலகிலேயே முதலாவதாக அனுமதி கொடுத்தது. அந்தச் செய்தி வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வயிற்றுத் தோலில் ஊசியைச் செருகி, பம்பு மூலம் எட்டுப் பத்து மணித்தியாலம் இரும்பு அகற்றும் மருந்து ஏறும்வரை படுத்திருந்த பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகும். அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் இருதயத்தில் இரும்பு சேர்ந்தே போய்விட்டார்கள். அவர்களுடைய முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

மாஸ்டர் காலமான கிழமை, செயலாளரிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி, பின் வாங்கு நண்பனை அழைத்தேன். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. குரல் அதே குரல்.

அவன் சொன்னது இது. அந்தச் செய்முறை நாளன்று பின்னேரமே மாஸ்டர் சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவனுக்குச் சிறு வயதிலிருந்து ஒரு வைத்தியர் இரும்பு டொனிக் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். வெளிறின பிள்ளைக்கு இரும்பு என்று யாரும் சந்தேகப்படவில்லை. மாஸ்டர் தாயிடம் டொனிக் போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வருசம் குடிச்சும் குழியம் இப்பிடி இருந்தால் இது இரும்புக் குறை இல்லை" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, அடுத்த கிழமை தானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நடுத்தர வகைத் தலசீமியா. இந்த வகையில் குடல் தானாகவே அளவுக்கு மிஞ்சி இரும்பை உறிஞ்சும். அதற்கு மேலே டொனிக். அன்று நிறுத்தியிராவிட்டால் ஈரல் எந்த நிலைக்குப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதான்.

அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தகப்பனுக்கு இரண்டு அலகுகளிலும் பிழை இருப்பதால் இருவரும் காவிகள், அதாவது ஒரு பிழை அலகைச் சுமப்பவர்கள், என்பதில் ஐயமில்லை. இருவருக்கும் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையையும் பெண்ணையும் சோதித்துப் பார்த்தார்களாம். காவியும் காவியும் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புக் கடும் நோய்க்கு. இதை வாசிக்கும் நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்வியுங்கள். கைவிரலில் அல்ல, முழங்கையில் ஒரு சின்ன ஊசிதான்.

மாஸ்டர் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், கலாநிதிப் பட்டம் கிடைத்த வருடம். "அங்கே இப்போதும் கண்ணால் பார்க்கிறீர்களா, அல்லது இயந்திரம் எண்ணிக் கொடுத்துவிடுகிறதா?" என்று கேட்டிருந்தார். நான் புதுவருட வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அந்தப் பூச்சில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டதை எழுதவில்லை. மூன்று முறை ஊருக்குப் போனேன், மூன்று முறையும் அவரைப் பார்க்க நேரம் வைக்கவில்லை. உறைகுளிரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் குருதியைச் சேர்த்து வைத்தேன். பின் வாங்கில் இருந்தவனுக்கு என்ன நடந்தது என்று விசாரிக்க ஐம்பது வருடம் எடுத்தது. ஊரிலேயே இருந்திருந்தால், ஒரு மாணவனின் கீழிமையை இறக்கிப் பார்க்கும் ஆளாக நானும் இருந்திருப்பேனோ என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன்.

தொலைபேசியை வைக்குமுன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றான். மாடிப்படியை நினைவுபடுத்தினேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை.

போன மாதம் அவன் கிளினிக்கில் எடுத்த பூச்சின் படமொன்றை அனுப்பினான். இரண்டு பின்னேரம் இருந்து பென்சிலால் அதைக் கீறினேன். இந்தக் கட்டுரையோடு அனுப்பியிருக்கிறேன். மலர்க் குழுவினர் அதை மாஸ்டரின் படத்துக்குக் கீழே போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். குழியங்கள் கோணலாகத்தான் இருக்கின்றன. தயவுசெய்து எதையும் வட்டமாக்க வேண்டாம்.