ரங்கூன் சத்தங்களைப் பதினைந்து பொத்தான்களில் அடைத்த கதை

அத்தை 1965இல் ரங்கூனை விட்டுக் கப்பல் ஏறியபோது அவருக்குப் பதினொரு வயது. கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிய காலம் அது. என் அப்பா மட்டும் தாத்தாவோடு இங்கேயே தங்கிவிட்டார். அத்தை இப்போது சென்னை வியாசர்பாடியில் இருக்கிறார். வாரம் ஒருமுறை பேசுவோம். ஒருநாள் காலை பேசிக்கொண்டிருந்தபோது, கீழே தெருவில் அவித்த பட்டாணி விற்கும் அக்கா "பெ... பியோ..." என்று கூவிக்கொண்டு போனார். அத்தை பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். "ராசா, போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடி" என்றார். நான் எழுந்து போவதற்குள் அந்தக் குரல் தெருமுனை திரும்பிவிட்டது.

அன்றைக்குத் தோன்றியதுதான் இந்தச் செயலி. பொத்தானைத் தொட்டால் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பகலில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மொழியான கோட்லின் ராத்திரியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மின்சாரம் இருக்கும் நேரத்தில் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு, போன பிறகு அந்தச் சார்ஜில் எழுதுவேன். நிரலைச் செயலியாகக் கட்டித் தரும் கிரேடில் என்ற கருவி முதல் தடவை இறக்கும் கோப்புகளுக்கே மூன்று ராத்திரி போனது. இறங்கி முடிந்ததும் ஆஃப்லைன் முறைக்கு மாற்றிவிட்டேன். இணையம் விட்டு விட்டு வரும் ஊரில் இருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்துகொள்ளுங்கள்.

முதல் வடிவத்தை ஆண்ட்ராய்டிலேயே உள்ள மீடியாபிளேயர் வைத்து எழுதினேன். தொட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்தது. மீடியாபிளேயர் நீளமான பாட்டுகளுக்கு ஆனது. ஒவ்வொரு தடவையும் கோப்பைத் திறந்து தயார்செய்த பிறகே பாடும். சின்னச் சின்னச் சத்தங்களுக்கு ஆண்ட்ராய்டில் சவுண்ட்பூல் என்று தனியாகவே இருக்கிறது. எல்லாக் கோப்புகளின் சுருக்கத்தையும் முன்கூட்டியே பிரித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அதற்கு மாறினேன். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை சத்தம் என்று நாம் சொல்லாவிட்டால் ஒன்றுதான் கேட்கும். கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது ரயிலைத் தொட்டால் மணி செத்துவிடும். ஐந்து என்று வைத்தேன். அப்புறம், திரை திறந்த உடனே தொட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. கோப்புகள் பின்னணியில் ஏறி முடிய நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஏறி முடிந்ததாகச் செய்தி வரும் வரை பொத்தான் மங்கலாக இருக்கும்படி செய்தேன்.

இவ்வளவு செய்தும் மணிச் சத்தம் மட்டும் தாமதமாகவே வந்தது. இரண்டு ராத்திரி நிரலை வரி வரியாகப் பார்த்தேன். குற்றம் அங்கே இல்லை. ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால், அலை எழும்புவதற்கு முன்னால் நேர்கோடு ஒன்று ஓடுகிறது. கால் நொடி மௌனம். பதிவுப் பொத்தானை அழுத்தியதற்கும் பூசாரி மணியைத் தூக்கியதற்கும் இடையே இருந்த நேரம் அது. எல்லாக் கோப்புகளிலும் முன்பக்கத்தை அலை தொடங்கும் இடம் வரை வெட்டினேன். வெட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்காமலிருக்கச் சில மில்லிநொடி மெதுவாக ஏறும்படி வைத்தேன். எம்பி3 ஆகச் சேமித்தால் முன்னால் கொஞ்சம் வெறுமை தானாகவே சேர்ந்துகொள்கிறது. அதனால் ஓஜிஜி என்ற வேறொரு ஒலிக்கோப்பு வடிவத்தில் சேமித்தேன். இன்னொன்று, சாதாரணக் கிளிக் என்பது விரலை எடுக்கும்போதுதான் பதிவாகும். விரல் படும்போதே ஒலிக்கும்படி மாற்றியதும் செயலிக்கே உயிர் வந்தது. திரை நகரும்படி இருந்தால் இப்படிச் செய்ய முடியாது, தள்ளும்போதெல்லாம் கத்தும். பதினைந்து பொத்தானோடு நிறுத்தி, ஒரே திரையில் அடக்கியது அதனால்தான்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். செயலியில் ஒலிக்கோப்புகளை வைக்கும் கோப்புறையில் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையும் ஏற்காது. சரி, பொத்தானில் தமிழ் இருந்தால் போதும்.

கியேசிதான் என்னை அதிகம் படுத்தியது. புத்த மடங்களில் தொங்கும் வெண்கலத் தகடு, இரண்டு முனையும் சுருண்டிருக்கும். மரச் சுத்தியலால் ஓர் ஓரத்தில் தட்டினால் சுழன்றுகொண்டே ஒலிக்கும். சுழலச் சுழலச் சத்தம் நம்மை நோக்கி வந்து விலகிப் போகும். அந்த அலைவுதான் அதன் அழகு. செயலியில் அது பாதியில் அறுந்தது. சவுண்ட்பூல் ஒரு சத்தத்துக்கு, பிரித்த பிறகு, ஒரு மெகாபைட் இடம்தான் தரும். 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் அது சுமார் 5.6 நொடி. ஸ்டீரியோவை மோனோவாக்கினால் அதே இடத்தில் இரண்டு மடங்கு நேரம் நிற்கும். நாம் வாங்கும் விலையில் போன்களுக்கு ஸ்பீக்கரும் ஒன்றுதான், இழப்பு ஒன்றும் தெரியவில்லை. கியேசி முழுதாக அடங்கும் வரை கேட்கிறது.

நிரல் வேலை இவ்வளவுதான். பதிவு வேலைதான் பெரிது. அவசரத்துக்கு இணையத்தில் கிடைக்கும் சத்தங்களை எடுத்துப் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அத்தை கேட்டது இந்தத் தெருச் சத்தத்தை.

பட்டாணிக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். கூடையை இறக்கி வைத்து, நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூவினார். கேட்டுப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. நடந்துகொண்டே கூவும்போது ஒவ்வோர் அடிக்கும் குரல் லேசாகக் குலுங்கும், 'பெ'யை இழுத்து 'பியோ'வைப் பட்டென்று முடிப்பார், அடுத்து மூச்சு வாங்குவது கேட்கும். நின்றால் இதெல்லாம் வருவதில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் தெருவுக்குள் நுழைந்ததும், போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னாலேயே நடந்தேன். முதல் நாள் ஜெனரேட்டர் கெடுத்தது. இரண்டாம் நாள் காக்கைகள். மூன்றாம் நாள் கிடைத்தது. போனிலுள்ள பதிவுச் செயலி, அமைதியான இடங்களில் தானே ஒலியை ஏற்றிக்கொண்டு இரைச்சலையும் சேர்த்து ஏற்றியது. அந்தத் தானியங்கி வசதியை அணைத்த பிறகுதான் குரல் சுத்தமாக வந்தது.

டீக்கடையில் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தமிடுவது போல எழுப்பும் சத்தம், அனவ்ரத்தா சாலை காளி கோயிலின் மாலை மணி, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலானது நிலையத்தை விட்டு நகரும் ஓசை, சுவரில் ஒளிந்துகொண்டு "தௌக்தே" என்று கத்தும் பல்லி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை, சிலவற்றுக்கு நாலு நடை. 1871இல் நம் தமிழர்கள் கட்டிய அந்தக் காளி கோயிலில் மணியோடு கார் ஹாரனும் பதிவாகிவிட்டது. அதை நீக்காமல் விட்டேன். அந்தச் சாலையில் ஹாரன் இல்லாமல் மணி கேட்டதாக யார் சொல்வார்கள்?

பொத்தான்களில் தமிழுக்குக் கீழே பர்மிய எழுத்தும் போட்டேன். 2019 அக்டோபர் 1இல் நாடு யூனிகோடுக்கு மாறியது என்றாலும் அதற்கு முன் புழங்கிய ஸாஜி எழுத்துரு உள்ள பழைய போன்கள் இன்னும் கையில் இருக்கின்றன. அவற்றில் எழுத்துகள் குழம்பித் தெரிந்தன. யூனிகோடு எழுத்துரு ஒன்றைச் செயலிக்குள்ளேயே வைத்ததும் தீர்ந்தது.

பிளே ஸ்டோரில் பதிய 25 டாலர், ஒரே முறை. சென்னையில் இருக்கும் அத்தை மகன் தன் அட்டையில் கட்டினார். புதிய தனிநபர் கணக்கு என்பதால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது சுலபம், பதினான்கு நாள் விலகாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். எட்டாம் நாள் மோல்மேனில் ஒரு தம்பி போன் மாற்றும்போது சோதனையிலிருந்து விலகிவிட்டார், எண்ணிக்கை 11 ஆனது. மறுபடி ஒருவரைச் சேர்த்துக் காத்திருந்தேன். நீங்கள் செய்தால் பதினைந்து, பதினாறு பேரை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

சோதனைக்காரர்களில் அத்தையும் ஒருவர். முதல் நாளே போன் வந்தது: "சத்தத்தைக் கூட்டினா ரிங்டோன்தான்டா கூடுது." அவருடையது பழைய ஆண்ட்ராய்டு. ஒலி விசை எதை மாற்ற வேண்டும் என்று நிரலில் ஒரு வரி சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடை முத்தச் சத்தத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார். பட்டாணிக் குரலை நான் இருக்கும்போது தொடவே இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு கேட்கிறார் என்று அவர் மகன் சொன்னார்.

போன வாரம் கேட்டார், "எல்லாம் இருக்கு ராசா, தகரத்துல மழை எங்க?" பதினைந்தும் நிரம்பிவிட்டது, ஆனால் அந்தப் பல்லியை எடுத்துவிட்டு வைக்கலாம். பத்து நொடி மழையை எடுத்து, கடைசியை முதலோடு இழைத்து, முடிவில்லாமல் சுற்றும்படி வைத்தால் போதும். திரையை விட்டு வெளியே போனால் நிற்கும்படியும் எழுதிவிட்டேன். மே மாத நடுவில் மழை பிடித்துவிடும். பின்கட்டுக் கூரைக்குக் கீழே போனை எங்கே தொங்கவிடுவது என்று இடம் பார்த்து, ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.