டேங்குக்கு அடியில 20 மீட்டர்

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா, கீழே லேபில் ஒரு ருபீடியம் அணுக் கடிகாரம். அதை வெளியூர் ஆய்வகம் ஒன்றின் கடிகாரத்தோடு ஒப்பிட, ஜிபிஎஸ் ரிசீவர் தரும் ரைனெக்ஸ் என்ற அளவீட்டுக் கோப்பை, கடிகாரங்களை ஒப்பிடுவதற்கான சிஜிஜிடிடிஎஸ் வடிவத்துக்கு மாற்றி அனுப்பணும். ஒரு வார வேலைதானே என்று தலையாட்டினேன். இரண்டு மாதம் இழுத்துவிட்டது.

விஷயம் இவ்வளவுதான்: இரண்டு ஊரும் ஒரே செயற்கைக்கோளை ஒரே 13 நிமிடம் பார்க்கணும். கழித்தால் செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிழை அடிபட்டுப் போகும். ஜிபிஎஸ் செய்தி முழுசாக வர 12.5 நிமிடம் ஆகும், அதனால்தான் 13. முன்னால் 2 நிமிடம் சிக்னலைப் பிடிக்க, பின்னால் 1 நிமிடம் கணக்குப் போட. ஆக 16 நிமிடத்துக்குக் கோப்பில் ஒரு வரி. எப்போது பார்ப்பது என்ற இந்த அட்டவணை தினமும் 4 நிமிடம் முன்னால் நகரும்.

முதல் கோப்பு திரும்பி வந்தது. ரைனெக்ஸில் இருப்பது ஜிபிஎஸ் நேரம், அந்த ஆய்வகம் கேட்பது யூடிசி என்ற உலகப் பொது நேரம். 18 செகண்ட் வித்தியாசத்தை நான் கழிக்கவே இல்லை.

இரண்டாவதும் திரும்பியது, செக்சம் தப்பாம். ஹெடரில், அதாவது கோப்பின் தலைப்பு வரிகளில், உள்ள எழுத்துகளின் ஆஸ்கி மதிப்பை (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) எல்லாம் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. என் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் சரியாக 32 வித்தியாசம். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உறைத்தது: வெற்றிடத்தின் (ஸ்பேஸ்) ஆஸ்கி மதிப்பு 32! வரி கடைசியில் கிடந்த ஒரு வெற்றிடத்தை எடிட்டர் தானாகவே துடைத்திருக்கிறது.

மூன்றாவது கோப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் புதிதாக ஒரு தலைவலி. நேரம் 100 நானோ செகண்ட் தள்ளியே நின்றது. முதலில், சிக்னலைத் தாமதப்படுத்தும் மேல்வானத்து மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்தின் மேல் பழியைப் போட்டேன். நம்ம ஊர் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது, கிருஷ்ணாபுரத்தில் இதை ஆராயவே ஒரு கூடம் உண்டு. பொழுது அடைந்தபின் சிக்னல் மினுங்கும், அந்த நேரத்து வரிகளில் சிதறல் எகிறும். ஆனால் இந்த 100 காலையிலும் அசையவில்லை. அப்படியானால் கேபிள்தான். மீட்டருக்குச் சுமார் 5 நானோ செகண்ட் தாமதம். நான் டேப் வைத்து அளந்த 22 மீட்டருக்கு 110 என்று ஹெடரில் எழுதியிருந்தேன்.

கேபிள் இழுத்த எலெக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“வெட்டினா வீணாப் போகும்லா தம்பி. மிச்சத்த சுருட்டி டேங்குக்கு அடியில வச்சிருக்கேன்.”

போய்ப் பார்த்தால் முறுக்கு மாதிரி ஒரு சுருள். மேலுறையில் அச்சடித்த மீட்டர் எண் ஒரு முனையில் 118, மறு முனையில் 160. ஆக 42 மீட்டர். 110-ஐ அடித்து 210 ஆக்கி, செக்சம் மறுபடி போட்டு அனுப்பினேன். நேரம் ஒத்துப்போனது.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவருக்கு ஒரே வருத்தம். “நம்மளால ஒனக்குத் தொல்லையாப் போச்சே. இப்பமே வெட்டி எடுத்துரட்டா?”

“ஐயோ அண்ணாச்சி, அதைத் தொட்டுராதீங்க!”