அம்மாவுக்கு வந்தது கொரோனா இருமல் இல்லை

எங்கள் பக்கத்துத் தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டுமானால் பாத்ரூம் தரையைப் பார்த்தால் போதும். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர், மற்ற புழக்கத்துக்கெல்லாம் போர் தண்ணீர்தான். தர்மபுரி என்றாலே ஃபுளோரைடு, பல்லில் கறை என்று வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும், ஆனால் போர் தண்ணீரின் இந்த உப்பு படுத்தும் பாடு வீட்டில் தேய்ப்பவர்களுக்குத்தான் தெரியும். பக்கெட், குழாய், டைல்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிந்து எந்த சோப்புக்கும் அசையாது. அதனால் இங்கே ஆசிட் பாட்டில் இல்லாத வீடு அபூர்வம். பினாயில், ஆசிட், சோப் ஆயில் என்று கூவிக்கொண்டு வண்டியில் வருபவரிடம் அம்மா மாதம் ஒரு பாட்டில் வாங்கிவிடுவாள். (அதுவும் எதில்? லேபிள் உரித்த பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில். குழந்தை இருக்கிற வீட்டில் இதைவிட மோசமான ஏற்பாடு வேறு இருக்க முடியாது, அதைத் தனியாக எழுத வேண்டும்.)

அப்புறம் 2020 வந்தது. மே மாத ஆரம்பத்தில் வந்த கொரோனா மண்டலப் பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை, அதாவது தொற்று இல்லாதது, என்றிருந்தது பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரி ஒன்றுதான், அதைச் சொல்லிச் சொல்லியே நாங்களும் தெம்பாக இருந்தோம். ஜூலைக்குள் அந்தத் தெம்பு போய்விட்டது. தெருவோரம் எல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், அம்மாவும் தன் பங்குக்கு மளிகைக்கடையில் ஒரு கிலோ வாங்கி வைத்துக்கொண்டாள். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதையும் பால் கவரை வெயிலில் காயப் போட்டதையும் விட்டுவிடுகிறேன், யார் வீட்டில்தான் நடக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல பாத்ரூமில் ஆசிட் ஊற்றினாள். உப்பு போகும் சரி, கிருமி போக வேண்டாமா என்று அந்த ஈரத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவி, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்திருக்கிறாள். "காஞ்ச மொளகாயைத் தீயில போட்ட மாதிரி ஒரு நெடி, கண்ணைத் தொறக்க முடியல"ன்னு பிறகு சொன்னாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து திண்ணையில் விழாத குறையாக உட்கார்ந்தாள்.

அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் அதேதான் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் அதில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், 1915இல் முதல் உலகப் போரில் ஈப்ர என்ற ஊரில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும், அதாவது குனிந்து தேய்க்கிற ஆளின் மூக்கு இருக்கிற இடத்தில். எங்கள் பாத்ரூமில் ஜன்னல் என்று சொல்ல ஒரு சாண் வென்டிலேட்டர்தான்.

ஆனால் என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்த நெடி இல்லை, அதற்கப்புறம் நடந்தது. மதியத்துக்கு மேல் இருமல் அதிகமானது. அந்த நாட்களில் இருமல் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். டெஸ்ட் எடுப்பார்கள், தெருவை அடைப்பார்கள், தகரம் அடிப்பார்கள், கறவைக்காரர் வரமாட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று டிவியைச் சத்தமாக வைக்கச் சொன்னாள். நானும் வைத்தேன். குளோரினை நிறையச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பது தெரியாமல், ராத்திரி எட்டு மணி வரை டிவி பார்த்துக்கொண்டிருந்த மகன் நான்.

மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அப்பாதான் "யார் என்ன பேசினா என்னடா, வண்டியை எடு" என்றார். டாக்டர் வாசலிலேயே நிறுத்தி காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார், அப்புறம் சேலையில் அடித்த வாடையைப் பிடித்துவிட்டு, "எதையும் எதையும் கலந்தீங்கம்மா?" என்றார். ஆக்சிஜன், நெபுலைசர், ஒரு ராத்திரி. பிழைத்தது எங்கள் புத்திசாலித்தனத்தால் இல்லை. காலையிலேயே அந்தச் சேலையை மாற்றி, கண்ணை ஒரு கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஆசிட்டைக் குடித்தே விட்டிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எங்கள் ஊர் வழக்கம், அது இன்னும் கெடுதல், போகும்போது சுட்ட தொண்டையைத் திரும்பி வரும்போதும் சுடும்.

இது எங்கள் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2020இன் முதல் 3 மாதத்தில் துப்புரவுப் பொருள், கிருமிநாசினி விவகாரமாக விஷத் தகவல் மையங்களுக்கு 45,550 அழைப்புகள் வந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்குச் சொன்னது, முந்தைய வருடத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதில் ஒரு பெண் வாங்கி வந்த காய்கறியைக் கழுவ சிங்க்கில் பிளீச், வினிகர், சுடுதண்ணீர் மூன்றையும் சேர்த்து ஊற்றி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். படித்தபோது அம்மாவின் அமெரிக்கத் தங்கச்சி என்றே தோன்றியது. அங்கே கூப்பிட ஒரு எண் இருந்தது என்று பொறாமைப்படவும் வழியில்லை, டெல்லி எய்ம்ஸில் நமக்கும் ஒரு விஷத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது, அவ்வளவுதான்.

வினிகர் கதையை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப புளித்தண்ணி?" என்றாள். ஆசிட் பயத்தில் அந்த வாரம்தான் புளி கரைத்துத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள், பவுடர் டப்பாவும் அதே பாத்ரூம் மூலையில். அதுவும் அமிலம்தான் அம்மா, எலுமிச்சையும் அப்படித்தான் என்றேன். "அப்ப உப்பு எப்படிடா போகும்?" என்றாள்.

பவுடர் டப்பா இப்போது மோட்டார் ரூமில் இருக்கிறது. பால் கணக்கு எழுதும் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளில் 'ஆ' என்றும் செவ்வாயில் 'பி' என்றும் அப்பா எழுதி வைக்கிறார்.